பீட்டர் பேனை வில்லனாக்கிய நாவலைப் பிள்ளை படிக்கலாமா?

பெருமாள்மலையிலிருந்து ஓர் அக்கா எழுதிக் கேட்டிருந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு. கூடப் படிக்கும் பிள்ளை கொடுத்த ஓர் ஆங்கில நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணி வரை படிக்கிறாளாம். எடுத்துப் பார்த்தால் வளரவே வளராத சிறுவன் பீட்டர் பேனின் கதை. ஆனால் அதில் பீட்டர்தான் கெட்டவன், சின்னப் பையன்கள் வரிசையாகச் சாகிறார்கள். "குழந்தைக் கதையை இப்படியா கெடுத்து வைப்பார்கள்? இதே மாதிரி ஆலிஸ், ஓஸ் என்று இன்னும் நாலைந்து கேட்கிறாள். வாங்கித் தரலாமா, கூடாதா?" என்பது கேள்வி.

தரலாம் அக்கா. எல்லாவற்றையும் அல்ல, சிலதை. எதைத் தரலாம், எதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்பதற்கு முன்னால் அந்தக் "கெடுத்து வைப்பது" பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்த வகை நாவல்களில் நல்லதெல்லாம் மூலக்கதையில் ஏற்கெனவே இருந்த இருட்டைத்தான் எடுத்துப் பெரிதாக்குகின்றன. மோசமானவை வெளியிலிருந்து ரத்தம் கொண்டுவந்து ஊற்றுகின்றன. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் கவலை போய்விடும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது கிறிஸ்டினா ஹென்றியின் லாஸ்ட் பாய். 2017இல் வந்தது. கதையைச் சொல்பவன் ஜேமி. பீட்டர் தீவுக்குக் கூட்டிவந்த முதல் பையன் அவன்தான். பின்னாளில் பீட்டரின் எதிரியான கடற்கொள்ளைக்காரன் கேப்டன் ஹுக் ஆகப்போகிறவனும் அவன்தான். பீட்டருக்கு எல்லாம் விளையாட்டு. பையன்கள் செத்தால் வேறு பையன்களைக் கூட்டி வருவான். செத்தவர்களுக்குக் குழி வெட்டுவது ஜேமியின் வேலை.

இப்போது மூலத்தைப் பார்ப்போம். ஜே.எம். பேரி 1904இல் நாடகமாகப் போட்டு, 1911இல் நாவலாக எழுதியது. டிஸ்னி படத்தையும் பாடப்புத்தகச் சுருக்கத்தையும் மறந்துவிட்டு அந்த நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தைத் திறங்கள். தீவில் இருக்கும் பையன்களின் எண்ணிக்கை அவ்வப்போது மாறும், ஏனென்றால் சிலர் கொல்லப்படுவார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அதை ஒட்டியே இன்னொன்று: வளர்வது அங்கே விதிக்கு விரோதம், யாராவது வளர்கிற மாதிரி தெரிந்தால் பீட்டர் அவர்களைக் "குறைத்துவிடுவான்". எப்படிக் குறைப்பான் என்று பேரி சொல்வதில்லை. ஆறு பையன்கள் இருந்தார்கள் என்று கணக்குச் சொல்லிவிட்டுக் கதை மேலே போய்விடுகிறது. கொஞ்சம் தள்ளி, ஒவ்வொருவரும் தன் அளவுக்குப் பொருந்தும் மரப்பொந்து வழியாகத்தான் தரையடி வீட்டுக்குள் இறங்க வேண்டும் என்று வரும். பொருந்தாவிட்டால்? பீட்டர் உன்னை ஏதோ செய்வான், அதற்கப்புறம் நீ பொருந்திவிடுவாய். அவ்வளவுதான் விளக்கம்.

கடைசி அத்தியாயம் இன்னும் மோசம். பீட்டரோடு தீவுக்குப் போய் வீடு திரும்பிய சிறுமி வெண்டி, ஒரு வருஷம் கழித்துப் பழைய சாகசங்களை ஆசையாகப் பேச எடுக்கிறாள். ஹுக்கா, அது யார் என்று பீட்டர் கேட்கிறான். நீதானே அவனைக் கொன்றாய் என்றால், கொன்றபின் நான் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்கிறான். அவனுக்காக விஷத்தைக் குடித்த குட்டித் தேவதை டிங்கர் பெல்லையும் அவனுக்கு நினைவில்லை.

முதல் அத்தியாயத்திலேயே இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. குழந்தைகள் இறக்கும்போது பயப்படாமல் இருக்கப் பீட்டர் கொஞ்ச தூரம் துணைக்குப் போவான் என்று வெண்டியின் அம்மா சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறாள். பேரியின் அண்ணன் டேவிட் 1867இல், பதினான்கு வயது நிறைவதற்குள், பனியில் சறுக்கி விளையாடும்போது விபத்தில் இறந்தவன். பேரிக்கு அப்போது ஆறு வயது. செத்த மகன் எப்போதும் சிறுவனாகவே இருப்பான் என்பதில் அவர்கள் அம்மா ஆறுதல் தேடிக்கொண்டாள். வளரவே வளராத பையன் எங்கிருந்து வந்தான் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆக, கிறிஸ்டினா ஹென்றி புதிதாக விஷம் எதையும் கலக்கவில்லை. பேரி ஒரு வரியில் சொல்லி நகர்ந்த இடத்தில் நின்று, அந்தப் பையன்களை யார் புதைத்தார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் உங்கள் மகள் ராத்திரி விழித்துப் படிக்கும் நாவல்.

இனிப்பாக்கும் வேலை நடுவில் நடந்தது. கொடைக்கானல் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். இன்றைக்கு போர்டில் கிரீன் வேலி வியூ என்று இருக்கும் இடத்தைப் பழைய ஆட்கள் சூசைட் பாயிண்ட் என்றுதான் சொல்வார்கள். போர்டு மாறியது, பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் செய்ததும் அதுதான். 1812இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளைச் சித்தி ஆக்கினார்கள். ஹேன்சல் கிரெட்டல் கதையில் பஞ்சத்தில் சோறு போட முடியாமல் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்பவளும் முதலில் தாய்தான். அவள் சித்தியானது 1840 பதிப்பில். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று அந்தக் காலத்து வீடுகளில் முகம் சுளித்தார்கள் போல.

நம் ஊரில் அந்த மாற்றத்தை யாரும் செய்யவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். நல்லதங்காள் கதையும் பஞ்சக் கதைதான். பிறந்த வீட்டுக்கு ஏழு பிள்ளைகளோடு வந்தவளை அண்ணி மூளி அலங்காரி அவமானப்படுத்துகிறாள். அப்புறம் கிணறு. பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறவள் சித்தி இல்லை, தாய். இதைப் பாட்டாகவும் கூத்தாகவும் கேட்டு அழுதவர்களில் பாதிப்பேர் பிள்ளைகள். சிறுத்தொண்டர் சீராளனை அறுத்துக் கறி சமைத்த கதையைக் கோயில் மண்டபத்தில் தாத்தா மடியில் உட்கார்ந்து கேட்டவர்கள் நாம். வெள்ளைக்காரர் கதையில் ரத்தம் வந்தால் மட்டும் நமக்கு ஏன் பதறுகிறது என்று எனக்குப் பல நாள் யோசனை.

பினோக்கியோவைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். கார்லோ கொலோடி 1881இல் பத்திரிகைத் தொடராக எழுதியபோது பதினைந்தாம் அத்தியாயத்தோடு கதையை முடித்துவிட்டார். முடிவு என்ன? பினோக்கியோ மரத்தில் தூக்கில் தொங்குகிறான். வாசகர்கள் விடவில்லை, தொடரச் சொன்னார்கள். அதனால்தான் தேவதை வந்து காப்பாற்றினாள், 1883இல் புத்தகம் வந்தது. புத்தி சொல்ல வந்த பேசும் சில்வண்டை அவன் சுத்தியலால் அடித்துக் கொல்வது நாலாம் அத்தியாயம்.

ஓஸ் இன்னும் வேடிக்கை. டாரத்தி என்ற சிறுமி சூறாவளியில் போய்ச் சேரும் மந்திர நாட்டின் கதை அது. எல். ஃபிராங்க் பாம் 1900இல் அந்தப் புத்தகத்துக்கு ஒரு முன்னுரை எழுதினார். பழைய தேவதைக் கதைகளின் மனவேதனையும் கெட்ட கனவும் இதில் இருக்காது, மகிழ்ச்சி மட்டும்தான் என்று வாக்குக் கொடுத்தார். அப்புறம் தகரமனிதன் வருகிறான். அவன் பிறக்கும்போது தகரம் இல்லை, சாதாரண மரவெட்டி. ஒரு பெண்ணை விரும்புகிறான். அவளை வீட்டு வேலைக்கு வைத்திருந்த கிழவிக்கு அவள் கல்யாணம் செய்துகொண்டு போவது பிடிக்கவில்லை. இரண்டு ஆடும் ஒரு மாடும் தருவதாகச் சூனியக்காரியிடம் பேசி அவன் கோடரிக்கு மந்திரம் வைக்கச் சொல்கிறாள். கோடரி நழுவி ஒரு காலை வெட்டுகிறது. தகரவேலைக்காரரிடம் போய்த் தகரக் கால் வைத்துக்கொள்கிறான். அடுத்த கால். ஒரு கை, இன்னொரு கை. தலை. கடைசியில் உடம்பே இரண்டாகப் பிளக்கிறது. எல்லாம் தகரமாகி முடிந்ததும் பார்த்தால் இதயம் போய்விட்டது, அந்தப் பெண்ணின் மேல் ஆசையும் போய்விட்டது. இனி அவளைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்கிறான். மனவேதனை இல்லாத புத்தகத்தில் இது. 1939 சினிமாவில் இந்தப் பகுதி கிடையாது; அதனால்தான் பலருக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பதுண்டு. இந்தப் பகுதியை வாசித்தபோது ஏழாவது படிக்கும் ஒரு பையன், "அந்தத் தகரவேலைக்காரருக்கு நல்ல வியாபாரம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகள் இருட்டை நம்மை விட லேசாகத் தாண்டிப் போகிறார்கள் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஏன் எப்போதும் ஆலிஸ், பீட்டர், ஓஸ் என்று இதே கதைகள் திரும்பித் திரும்பி வருகின்றன என்று உங்கள் மகள் கேட்டால் சட்டத்தைச் சொல்லுங்கள். காப்புரிமை முடிந்த கதையை யாரும் யார் அனுமதியும் இல்லாமல் திருப்பி எழுதலாம். ஆலிஸ் 1865, ஓஸ் 1900, எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. வின்னி தி பூ 1926 புத்தகம். அமெரிக்காவில் அதன் உரிமை 2022 ஜனவரி 1இல் முடிந்தது, 2023இல் அந்தக் கரடியைக் கொலைகாரனாக்கி ஒரு திகில் படம் வந்துவிட்டது. அவ்வளவு அவசரம். நார்னியாவுக்கு இப்படி ஒரு கூட்டம் இன்னும் கிளம்பாததற்கும் இதுதான் முக்கியக் காரணம்: அதை எழுதிய சி.எஸ். லூயிஸ் இறந்தது 1963. பிரிட்டனில் ஆசிரியர் இறந்து எழுபது வருஷம் வரை உரிமை உண்டு. நம் நாட்டில் அறுபது வருஷம்தான், ஆகவே இங்கே 2024 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. பீட்டர் பேன் மட்டும் தனி ரகம். பேரி 1929இல் அதன் உரிமையை லண்டனில் இருக்கும் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உரிமைக்காலம் தீர்ந்தாலும் பிரிட்டனில் அந்த மருத்துவமனைக்கு ராயல்டி போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று 1988இல் சட்டமே போட்டார்கள்.

சரி, எது நல்லது, எது சும்மா?

டேனியல் பெய்ஜின் டாரத்தி மஸ்ட் டை, 2014. கான்சாஸில் டிரெய்லர் வீட்டில் வளரும் ஏமி என்கிற பெண் சூறாவளியில் ஓஸுக்குப் போகிறாள். அங்கே டாரத்தி ராணி மாதிரி ஆண்டுகொண்டிருக்கிறாள், மந்திரம் முழுவதையும் உறிஞ்சி எடுக்கும் கொடுங்கோல். தகரமனிதனின் இதயம், சிங்கத்தின் தைரியம், வைக்கோல் பொம்மையின் மூளை மூன்றையும் பறித்து, பிறகு டாரத்தியைக் கொல்ல வேண்டும் என்று ஏமிக்கு வேலை கொடுக்கிறார்கள். தலைப்பைப் பார்த்தால் சும்மா அதிர்ச்சிக்கு எழுதியது போல இருக்கும். ஆனால் பாமின் பிற்காலப் புத்தகங்களில் டாரத்தி திரும்பத் திரும்ப ஓஸுக்குப் போகிறாள், 1910இல் வந்த ஆறாவது புத்தகத்தில் அத்தை மாமாவோடு அங்கேயே குடியேறிவிடுகிறாள். வீட்டைப் போல ஓர் இடம் இல்லை என்றவள் ஏன் வீட்டை விட்டாள்? பெய்ஜ் அந்த ஓட்டையில் விரலை விட்டிருக்கிறார். நடை சுமார்தான், பின்னால் வரும் பாகங்களை நான் பொறுமையாகப் படிக்கவில்லை. ஆனால் முதல் புத்தகம் பதினான்கு வயதுக்குத் தாங்கும்.

மரிசா மேயரின் ஹார்ட்லெஸ், 2016, எனக்குப் பிடித்தது. ஆலிஸ் கதையில் "தலையை வெட்டு" என்று கத்தும் இதயராணி இளம்பெண்ணாக இருந்தபோது கேக் கடை வைக்க ஆசைப்பட்டவள் என்று தொடங்குகிறது. அம்மா அப்பாவுக்கு அவளை ராஜாவுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அரண்மனைக் கோமாளி மேல் மனசு. முடிவு என்ன ஆகும் என்று நமக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், ஆனாலும் கடைசி ஐம்பது பக்கம் வலிக்கும். பெரிய இடத்துச் சம்பந்தம், கடை வைத்துப் பிழைக்கிற ஆசை, அம்மாவின் பிடிவாதம் எல்லாம் நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கும். இன்னொன்று, லூயிஸ் கரோலின் மூலத்தில் ராணி எவ்வளவு கத்தினாலும் உண்மையில் யார் தலையும் போவதில்லை. அந்தக் கதையில் வரும் கிரிஃபன் என்ற விசித்திர விலங்கு அதைச் சொல்லியே சிரிக்கிறது. அந்த வெறும் கத்தல் நிஜமாக வேண்டுமானால் ஒரு பெண்ணுக்கு என்ன நடந்திருக்க வேண்டும் என்பதுதான் மேயரின் கதை. உங்கள் மகளுக்கு அடுத்து இதைத்தான் வாங்கித் தருவேன்.

மோசமானவை எப்படி இருக்கும் என்றால், பெயர்கள் மட்டும் பழையவை. ஆலிஸுக்குக் கத்தி, முயலுக்குக் கோட்டு, ஒரு காதலன், எங்கும் ரத்தம். அதை விட எனக்கு எரிச்சல் ஆலிஸைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்துத் தொடங்கும் பழக்கம். 2000இல் வந்த ஒரு வீடியோ கேம் அப்படித் தொடங்கியது. அதற்கப்புறம் அது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. மனநோயைத் திகில் படத்துத் திரைச்சீலை மாதிரி தொங்க விடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் "மெண்டல்" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்யும் வயதில் இருக்கிற பிள்ளைக்கு இதைக் கொடுத்தால், படித்தபின் அதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும்.

வயது விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அட்டையில் குழந்தைக் கதையின் பெயர் இருந்தால் அது பிள்ளைகளுக்கு என்று அர்த்தம் இல்லை. யங் அடல்ட் என்று பதிப்பாளர் போடுவது சுமார் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்கு. பெய்ஜும் மேயரும் அந்த அலமாரி. கிறிஸ்டினா ஹென்றி பெரியவர்கள் அலமாரி. லாஸ்ட் பாயில் சாவும் ரத்தமும் நிறைய, ஆனால் வேறு தொந்தரவு அதிகம் இல்லை. பாதி தாண்டிவிட்டாள் என்றால் பிடுங்காதீர்கள். அவரே 2015இல் எழுதிய ஆலிஸ் அப்படி இல்லை. பெண்களைக் கடத்துவது, பாலியல் வன்முறை எல்லாம் கதையின் நடுவிலேயே இருக்கிறது. அது இரண்டு மூன்று வருஷம் போகட்டும். ஓஸ் சூனியக்காரியின் கதையைச் சொல்லும், கிரெகரி மெக்வயரின் விக்கெட் (Wicked) நாவலும் அப்படித்தான். 2024இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு அதே கதைதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். படம் வந்தது மேடை நாடகத்திலிருந்து. 1995 நாவல் அரசியலும் படுக்கையறையும் கலந்த பெரியவர்கள் புத்தகம்.

திருப்பி எழுதுவது வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது உங்களிடம் சொன்னால் புதுமைப்பித்தனின் சாப விமோசனத்தைக் கையில் கொடுங்கள். 1943. கல்லிலிருந்து பெண்ணான அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று தெரிந்ததும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். தனக்கு ஒரு நியாயம், சீதைக்கு ஒரு நியாயமா என்ற கேள்வி ராமாயணத்துக்குள்ளேயே கிடந்தது. அதைக் குனிந்து எடுத்தவர் அவர். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு அது புரியும்.

எங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகளிடம் ஒரு தடவை மாம்பழக் கதையைத் திருப்பி எழுதச் சொன்னேன். பழனிமலைப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு, கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் மலைமேல் நின்றுவிட்ட பையனின் கதை பேச்சு வரும் முன்பே தெரியும். பீட்டரும் வீட்டை விட்டுப் போனவன்தான்; திரும்பி வந்தபோது ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது, அவன் கட்டிலில் வேறொரு குழந்தை படுத்திருந்தது. அதைப் படித்த வாரம்தான் இதைக் கொடுத்தேன். பூம்பாறையிலிருந்து வரும் ஒரு பெண், பிள்ளையாரின் பக்கம் நின்று எழுதியிருந்தாள். தம்பி போய்விட்டான். சமாதானம் சொல்ல அம்மாவும் அப்பாவும் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள். போட்டியில் ஜெயித்தவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான், பழம் மெல்லக் கருக்கிறது, கடிக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம். வீட்டில் படித்துக் காட்டியபோது பாட்டி, "குழந்தை வேலப்பர் ஊர்ல இருந்துக்கிட்டு சாமி கதையில வெளையாடாத" என்று திட்டினாராம். சாப்பிட்டு முடித்தபின் மெதுவாக, "அப்போ பழத்த யாருதான் தின்னது?" என்று கேட்டாராம்.

உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம் என்றால், லாஸ்ட் பாய் முடித்ததும் பேரியின் நாவலைக் கையில் கொடுங்கள். காசு வேண்டாம், புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இருக்கிறது, போனில் இறக்கிக்கொள்ளலாம். ஆலிஸும் ஓஸும் கூட அங்கே உண்டு. புது நாவலில் வரும் கொடுமை எதெல்லாம் பழையதில் ஏற்கெனவே இருந்தது என்று தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைத் துப்பறிகிற மாதிரி செய்வார்கள். பழைய ஆங்கிலம் கொஞ்சம் கடிக்கும், முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்களோ அவள் அப்பாவோ கூட உட்கார்ந்து படித்தால் அப்புறம் தானாக ஓடும். ராத்திரி பதினோரு மணி விஷயம் வேறு. அதற்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை, விளக்கை அணைத்துவிடுங்கள். தூக்கத்தில் பயந்து எழுந்தாலோ, சாப்பாடு இறங்காமல் முகம் வாடினாலோ மட்டும் புத்தகத்தைக் கொஞ்ச நாள் எடுத்து வைக்கலாம், அதையும் அவளிடம் சொல்லிவிட்டே.

ஹார்ட்லெஸ் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. முதுகு கொஞ்சம் கிழிந்திருக்கும், பக்கம் எதுவும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். மழை மாதம், மறக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டு வாருங்கள்.